பைக்குள் மிஞ்சிய ஒன்று

தோட்டத்தில் அவளைப் பேன்காரி என்றுதான் சொல்வார்கள். திராட்சை இலையைத் திருப்பி, லென்ஸை வைத்து, இலைச் சாற்றை உறிஞ்சுகிற, ஊசிமுனை அளவுகூட இல்லாத செம்பேன்களை எண்ணுவது அவள் வேலை. பதினொரு வருஷமாக எண்ணுகிறாள். தலையில் பேன் பார்ப்பதற்காவது எதிரில் இன்னொரு தலை வேண்டும். இவளுக்கு அதுவும் கிடையாது. காலையில் காவல்காரரிடம் ஒரு வார்த்தை பேசினால், சாயங்காலம் வரை வாய்க்கு வேலையே இருக்காது.

வேலியோரம் ஒரு முட்புதர் வரிசை தானாக முளைத்துக் கிடந்தது. அதன் இலையடியில் மெல்லிய ரோமம் உண்டு. அந்த ரோமத்துக்குள் வேட்டைப்பேன்கள் குடியிருந்தன. செம்பேனைப் பிடித்துத் தின்கிற இன்னொரு பேன். கொடியில் இரை இல்லாத காலத்தில் புதரின் மகரந்தத்தைத் தின்று பிழைத்துக் கிடக்கும். இது தோட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

புதிய மேனேஜருக்குப் புதர் என்றாலே கண்ணை உறுத்தியது. "திங்கக்கிழமை டிராக்டர் வருது. சுத்தமா வழிச்சுடலாம்" என்றார்.

"செம்பேனைத் தின்கிற நல்ல பேன் அதுலதான் இருக்கு சார். அதை வெட்டினா செம்பேன் நம்ம தலைக்கு மேல ஏறிடும்."

"பேனைப் பெருமாளாக்காதீங்கக்கா. சரி, அந்த நல்ல பேன் எத்தனை இருக்குன்னு எண்ணிக் காட்டுங்க. நூறு இலைக்கு அம்பது இருந்தா விட்டுடறேன்."

ஐம்பதென்ன, இருநூறே தேறும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதரில் நூறு இலை பறித்துப் பையில் கட்டினாள். கட்டிய பையை உடனே தோட்டத்து ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். குளிரில் பேன்கள் அசையாமல் கிடக்கும். வெளியே விட்டால் பசியெடுத்து ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்துவிடும். 'பையை உள்ளே வை' என்று ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியதே அவள்தான்.

அந்த நேரம் பார்த்துத் தம்பி போன் செய்தான். "அக்கா, நாளைக்கு வர்றேன். ரெண்டு நாள் இருப்பேன்."

அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. முகம் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. பையை ஆபீஸ் ஜன்னலோரம் வைத்தவள் அப்படியே கிளம்பிவிட்டாள். வீடு பெருக்கி, தலையணை உறை மாற்றி, அலமாரியின் அடியில் கிடந்த இரண்டாவது தட்டை எடுத்துக் கழுவி வைத்தாள். சனிக்கிழமை முழுக்க வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்றே இருந்தாள். ஞாயிறு மத்தியானம் செய்தி வந்தது: 'திடீர் வேலை. அடுத்த வாரம் கண்டிப்பா.' தட்டை மறுபடி அடியில் வைத்தாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் கதவைத் திறந்ததும் வெயிலில் கிடந்த பை கண்ணில் பட்டது. லென்ஸை எடுத்தாள். இலை இலையாகப் பார்த்தாள். வெறும் தோல், சக்கை. தொண்ணூறு இலைக்கு மேல் தாண்டி, ஒரு நரம்பு மூலையில், நீர்த்துளி போல் பளபளவென்று ஒன்று உட்கார்ந்திருந்தது. சுற்றியிருந்த அத்தனையையும் தின்று தீர்த்துவிட்டுத் தனியாக நின்றது.

மேனேஜர் வந்துவிட்டார். லென்ஸில் கண் வைக்கிற ஆளில்லை. அறுபது என்று எழுதினால் அறுபதுதான். ஆனால் யாரும் புரட்டாத அந்த நோட்டில் இதுவரை ஒரு பொய் எண் கிடையாது. அதையும் கெடுத்துவிட்டால் தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு என்ன இருக்கிறது? '1' என்று எழுதினாள்.

"ஒண்ணா?" சிரித்துவிட்டார்.

"பையை ஃபிரிட்ஜ்ல வைக்க மறந்துட்டேன் சார். தப்பு என்னோடது. அரை நாள் குடுங்க, வேற இலை எண்ணிடறேன்."

"டிராக்டர் இன்னிக்கு மட்டுந்தான் கிடைக்கும்க்கா."

டிரைவர் நல்ல மனுஷர். தண்ணீர் குடிக்கிற சாக்கில் கொஞ்சம் நின்றார். அதற்குள் புதரடியில் புதிதாக முளைத்திருந்த ஒரு இளங்கன்றை வேரோடு பிடுங்கினாள். கையெல்லாம் முள் கிழித்தது. பிறகு வேலியோரம் மொட்டையாகிற வரை நின்று பார்த்து வாய்விட்டு அழுதாள். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கன்றை வீட்டு ஜன்னலில் ஓட்டை வாளியில் நட்டாள். பையில் மிஞ்சிய அந்த ஒன்றைத் தூரிகையால் அதன் இலையில் இறக்கிவிட்டாள். தினமும் செம்பேன் பிடித்த ஒரு கொடியிலையைக் கொண்டுவந்து பக்கத்தில் செருகுவாள். செருகும்போது அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை லென்ஸும் கையுமாக இருந்தபோது தம்பி கூப்பிட்டான். "அக்கா, நாளைக்குக் கண்டிப்பா வர்றேன்."

"வர்றதுன்னா வாடா. நான் காத்துக்கிட்டு இருக்க மாட்டேன். வீட்ல ஆளிருக்கு."

"ஆளா? யாருக்கா?"

இலையின் ரோமத்துக்குள், அந்த ஒன்றுக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஒரு முட்டை இருந்தது. அவள் இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு" என்றாள்.