தண்ணீரின் பதம்

"இத பாக்கவா மூணு நாளு குந்திகினு வந்தோம்?" என்றார் இக்னேஷியஸ். டாட்டா சுமோவின் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை முழங்கையால் துடைத்துவிட்டு, சாலையோரத்தில் சேறு கலந்து குவிந்திருந்த பனியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். "காசிமேட்டுக்கு வந்திருந்தா லாரி லாரியா ஐஸ காட்டியிருப்பேனே."

"மீன் நாத்தத்தோட காட்டியிருப்ப," என்றாள் அவர் மனைவி ஃப்ளோரா.

முன்னிருக்கையில் இருந்த மகன் சாவியோ அதை இந்தியில் ஓட்டுநரிடம் சொன்னான். ஓட்டுநர் சிரித்தார். பத்து வயது மகள் டெபோரா பின்னிருக்கையில் அப்பா அம்மாவுக்கு நடுவில் மண்டியிட்டு, பக்கத்துக்கு ஒன்றாகக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணாலியைத் தாண்டிச் சோலாங்குக்கு ஏறும் சாலை அது. 2002ஆம் ஆண்டின் பொங்கல் விடுமுறையோடு ஒரு வாரம் லீவு சேர்த்து வந்திருந்தார்கள். கேட்டரிங் படித்துவிட்டு மணாலியில் ஓர் ஓட்டலின் சமையலறைக்கு வந்த சாவியோ, மூன்று கிறிஸ்துமஸ்களாக ராயபுரத்துக்கு வரவில்லை. அதற்கு ஈடு செய்வதுபோல ரயில் டிக்கெட்டுகளை அனுப்பி, சண்டிகர் வரை இறங்கிவந்து அழைத்துப்போய், ஓட்டலுக்குப் பின்னால் இருந்த தன் அறையிலேயே மூவரையும் தங்கவைத்திருந்தான். மலை ஏறத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு வளைவையும் தானே வெட்டிப் போட்டதுபோலக் காட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய அந்தப் பெருமிதத்தைப் பார்க்க இக்னேஷியஸுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் வேறொன்று, சென்னையில் ரயில் ஏறியதிலிருந்தே, அசையாமல் கிடந்தது.

இருபத்தேழு வருடங்களாக அவர் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் பேக்டரியில் வேலை செய்கிறார். உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் உறைந்த பாளங்களைக் கொக்கியால் இழுத்து, சாய்வுப் பலகையில் தள்ளி, அரைக்கும் இயந்திரத்தின் வாய்க்குக் கொடுப்பது அவர் வேலை. மறுமுனையில் அது தூளாகிப் படகுகளின் வயிற்றுக்குள் கொட்டும். கையுறை போட்டால் கொக்கி வழுக்கும் என்பதால் யாரும் போடுவதில்லை. விரல் மரத்துப்போவதும் ஒரு மணி நேரத்தில் உணர்ச்சி திரும்பிவருவதும் அங்கே எல்லோருக்கும் பழக்கம். இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒருநாள் அது திரும்பி வரவில்லை. பீடி விரலைச் சுட்டுக்கொண்டிருப்பதை, தோல் கருகிய வாசனையிலிருந்துதான் அவர் தெரிந்துகொண்டார்.

ஐஸால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் டோல்கேட்டுக்குப் போகும் வழியில் ஒரு நீளமான சுவர் இருந்தது. அதில் ஒரு விரித்த கையை வரைந்து, உணர்ச்சியற்ற தேமல் தொழுநோயாக இருக்கலாம் என்று நீல எழுத்தில் எழுதியிருந்தார்கள். முன்பு அந்தச் சுவர் அவர் கண்ணில் பட்டதே இல்லை. இப்போது அதற்காகவே சாலையின் எதிர்ப்பக்கத்தில் நடந்தார். குளிக்கும்போது கை, மார்பு, தொடை எல்லாவற்றையும் தேடினார். தேமல் இல்லை. விரல்களில் உணர்ச்சியும் இல்லை. சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பார்த்துப் போடவும், டீ டம்ளரை விரலால் பிடிக்காமல் உள்ளங்கையில் ஏந்தவும் பழகிக்கொண்டார். ஃப்ளோரா அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் ஆயா. அவளிடம் சொன்னால் மறுநாளே கையைப் பிடித்து அழைத்துப்போய் அந்த நோய்க்கான வரிசையில் நிறுத்திவிடுவாள். அந்த வரிசையில் நின்ற மனிதர், அதற்குப் பிறகு எந்த மருந்து எதைக் குணமாக்கினாலும், தெருவில் வேறு மனிதர்தான் என்று அவர் நம்பினார். பேக்டரி வேலை போகும். சாவியோவுக்குப் பெண் கொடுக்க வருகிறவர்கள் வாசலோடு திரும்புவார்கள். டெபோராவைப் பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார வைப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் தடுப்பாகத் தன்னுடைய மௌனம் ஒன்றுதான் நிற்கிறது என்று நினைத்ததால், அதை ஒரு கடமையைப்போலக் காத்துவந்தார்.

வழியில் ஒரு கொட்டகையில் மேல்கோட்டும் ரப்பர் பூட்ஸும் வாடகைக்கு எடுத்தார்கள். சாயங்காலம் திரும்பும்போது கொடுத்தால் போதும். டெபோராவின் அளவுக்கு ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது. பள்ளிக்கூடத்துக் கருநீல சாக்ஸுக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு அவள் வாத்துப்போல நடந்தாள்.

சரிவு அவர் எதிர்பார்த்தது போல இல்லை. பேக்டரியில் ஐஸுக்கு ஓசை உண்டு. விழும், உடையும், அரைபடும். இங்கே ஒரு மலை முழுக்க அது சத்தமில்லாமல் கிடந்தது. கால்களில் நீளமான பலகைகளைக் கட்டிக்கொண்ட மனிதர்கள், எங்கோ மேலேயிருந்து வளைந்து வளைந்து இறங்கி, யாருக்கும் எதுவும் நேர்ந்துவிடாது என்ற தைரியத்தோடு கடந்துபோனார்கள். உயரம் ஒத்துக்கொள்ளாமல் ஃப்ளோராவுக்குத் தலை சுற்றியது. அவள் கீழே டீக்கடையின் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாவியோ தங்கைக்கு ஒரு ஜோடிப் பலகையைக் கட்டி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடத்தினான்.

"வுடாத, வுடாத," என்றாள் டெபோரா.

"வுட்டு ரொம்ப நேரமாச்சி, லூசு," என்றான் அவன்.

அவள் இருபதடி தானாகவே சறுக்கிப்போய், பனியில் உட்கார்ந்து, எழுந்து, அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இக்னேஷியஸ் தலைக்கு மேல் கைதட்டினார். இரண்டு வருடங்களில் முதல் தடவையாகக் கைகளைப் பற்றிய நினைவில்லாமல் அவற்றை உயர்த்தியிருந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து, இக்னேஷியஸ் ஃப்ளோராவோடு டீக்கடையில் இருந்தபோது, டெபோரா சாவியோவோடு அங்கே வந்தாள். "நைனா, கால்ல ஊசி குத்துது. தண்ணி பூந்துகிச்சி போல கீது."

அவர் குனிந்து வலது பூட்ஸின் வாய்க்குள் கையை நுழைத்தார். பெஞ்சிலிருந்து ஃப்ளோரா கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "ஈரமா கீதா பாரு."

சாக்ஸின் நிறத்தில் ஈரம் தெரியவில்லை. கையை வெளியே எடுத்துப் பார்த்தார். அது முன்பே பனியில் அளைந்து நனைந்திருந்த கை. இன்னொருமுறை நுழைத்தார். துணி தட்டுப்பட்டது என்பதைக்கூட மணிக்கட்டில் வந்த இழுப்பால்தான் ஊகித்தார். நீயே வந்து பார் என்று சொல்ல வாயெடுத்தார். அப்படிச் சொன்னால், உனக்கு என்ன என்று அவள் கேட்பாள்.

"காஞ்சிதான் கீது," என்றார். "குளுருக்கு அப்டிதான் குத்தும்."

"நைனா சொன்னா கரீட்டாதான் இருக்கும்," என்றான் சாவியோ. "ஐஸ்லியே வளந்த ஆளு."

டெபோரா மறுபடியும் சரிவுக்குப் போனாள். மாலை வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும்போது திரும்பிவந்து, "இப்போ குத்தல நைனா. ஒண்ணுமே தெரியல," என்றாள்.

"பாத்தியா, பயகிட்ச்சு," என்று அவள் தலையில் தட்டினார்.

இறங்கும் வழியில் ஒரு வேன் வழுக்கிச் சாலையின் குறுக்கே நின்றிருந்தது. அதை நகர்த்த இரண்டரை மணி நேரமானது. டெபோரா பூட்ஸோடு அம்மாவின் தோளில் தூங்கிப்போனாள். கொட்டகைக்கு வந்தபோது அதை அடைத்துவிட்டிருந்தார்கள். காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று வண்டியை நிறுத்தாமல் வந்துவிட்டார்கள்.

அறையில் ஒரே ஒரு கட்டில். அதில் மகளைப் படுக்கவைத்து ஃப்ளோரா வலது பூட்ஸை உருவினாள். ஒரு டம்ளர் அளவுக்குத் தண்ணீர் சிமெண்டுத் தரையில் கொட்டியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"காஞ்சி கீதுன்னியே."

"அப்புறமா பூந்திருக்கும்."

அவள் சாக்ஸை உரித்தாள். ஐந்து விரல்களும் கோயிலில் ஏற்றாமல் அடுக்கிவைத்த மெழுகுவர்த்திகளின் நிறத்தில் இருந்தன. ஃப்ளோரா சுண்டுவிரலை அழுத்தினாள். அந்தக் குழி அப்படியே நின்றது. டெபோரா விழித்திருந்தாள், தன் காலை அம்மா அழுத்துவதை, வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழகிவிட்டது என்று தான் அவள் தலையில் தட்டியது இக்னேஷியஸின் நினைவுக்கு வந்தது. வலி எப்படிப் போகும், போனபிறகு அந்த இடத்தில் என்ன இருக்கும் என்பது இந்த மலையில் வேறு யாரையும்விட நன்றாக அவருக்குத் தெரியும். தெரிந்தும், வலி போனதாகக் குழந்தை சொன்னதும் நிம்மதியடைந்திருந்தார்.

சாவியோ சமையலறையிலிருந்து ஒரு வாளி வெந்நீரும் இன்னொரு வாளி பச்சைத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தான். "தேய்க்கக் கூடாதாம், அடுப்பாண்ட காட்டக் கூடாதாம். கை பொறுக்கற சூட்டுல கால முக்கி வெக்கச் சொல்றாரு எங்க செஃப்பு. சூடு ஜாஸ்தியாச்சினா தோலு கயண்டு வந்துடுமாம்." டாக்டரைத் தேடி ஓடினான்.

ஃப்ளோரா குழந்தையை மடியில் ஏற்றிக்கொண்டாள். "நீ கலந்து பதம் பாரு. சீக்கிரம்."

அவர் கலந்தார். வாளியிலிருந்து ஆவி பொங்கியது. அந்தக் குளிரில் எந்தத் தண்ணீரும் ஆவி விடும். அதை வைத்து எதையும் சொல்லமுடியாது. வலது கையை மணிக்கட்டு வரை அமிழ்த்தினார். கை தண்ணீருக்குள் இருக்கிறது என்று கண்தான் சொன்னது. எடுத்தார். இடது கையை விட்டார்.

"இன்னாய்யா, பதமா கீதா?"

கோட்டின் கையை ஏற்றிவிட்டு முழங்கையால் பார்த்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. ஃப்ளோரா குழந்தையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், கவனித்திருக்கமாட்டாள். இரண்டு வருடங்களாக இப்படித்தான் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு வழி கிடைத்தது. தரையில் பூட்ஸிலிருந்து கொட்டிய தண்ணீர் அவருடைய காலடி வரைக்கும் பரவி வந்திருந்தது.

"நீ வந்து பாரு," என்றார்.

"இங்க கொயந்தய புட்ச்சிகினு கீறன்ல."

"என் கைக்குத் தெரியாது, ஃப்ளோரா." குரல் எப்படியோ சாதாரணமாகவே வந்தது. "மத்தியானமும் தெரியல. தெரியாமத்தான் சொன்னேன்."

ஃப்ளோரா மகளைக் கட்டிலில் இறக்கி, வாளியருகே குந்தி, வார்டில் பச்சைக் குழந்தைகளுக்குப் பார்ப்பதுபோல முழங்கையைத் தண்ணீரில் வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். தோல் சிவந்துவிட்டது. நான்கு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினாள், மறுபடி பார்த்தாள், இன்னொரு சொம்பு ஊற்றினாள். குழந்தையின் வலது பாதத்தை உள்ளே இறக்கிய பிறகுதான் தலையைத் திருப்பாமல் பேசினாள்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமாவுது."

"நான் வேல செய்யறது ஆஸ்பத்திரிலய்யா."

"அதனாலதான் சொல்லல."

கால் மணி நேரம் கழித்து டெபோரா முனகத் தொடங்கினாள். பிறகு அலறினாள். எரியுது, எடுத்துடு, நெருப்பு வெக்காத என்று அம்மாவின் தோளைக் குத்தினாள். ஃப்ளோரா அவளுடைய முழங்கால்களை இறுகப் பிடித்துக்கொண்டு, "அழு. நல்லா அழு," என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். இக்னேஷியஸ் சுவரோரம் நின்றபடி அந்த அழுகையைக் கேட்டார். அது நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். இப்படி ஒரு தகப்பன் வேண்டலாமா என்றும் நினைத்தார்.

டாக்டர் வந்து நான்கு விரல்கள் தேறிவிடும் என்றார். சுண்டுவிரலைப் பற்றி இப்போது எதுவும் சொல்லமுடியாது, சில வாரங்கள் போகவேண்டும், ஊரில் காட்டுங்கள் என்றார். அதைத் தமிழில் சொல்லி முடித்த சாவியோ, தரையில் கிடந்த பூட்ஸை எடுத்து நிமிர்த்தினான். "நாந்தான் நைனா பலகைய கட்டி வுட்டேன்." இக்னேஷியஸ் அவன் தோளில் கைவைக்கப்போய், வைக்காமல் நிறுத்திக்கொண்டார். அவருடைய கையைப் பற்றி ஃப்ளோரா மகனிடம் எதையும் சொல்லவில்லை. அது கருணையா, நேரம் பார்க்கிறாளா என்று அவருக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையிலேயே கிளம்பினார்கள். கம்பளியில் சுற்றிய கால்களை அம்மாவின் மடியிலும் தலையை ஜன்னல் பக்கமும் வைத்து டெபோரா மாத்திரை மயக்கத்தில் தூங்கினாள். சாவியோ முன்னிருக்கையில் இருந்தான், வளைவுகளைக் காட்டவில்லை. பனி முதலில் திட்டுத்திட்டாகி, பிறகு சாலையோரச் சேறாகியது. ஆறு தெரியத் தொடங்கியது.

"கைய குடு," என்றாள் ஃப்ளோரா, முன்னிருக்கைக்குக் கேட்காத குரலில்.

மல்லாத்தித் தன் தொடைமேல் வைத்துக் கொடுத்தார்.

"கண்ண மூடு. எங்க தொடறேன்னு சொல்லு."

வார்டுக்கு வரும் டாக்டர்கள் அப்படித்தான் பார்ப்பார்களாக இருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வண்டியின் உறுமல் கேட்டது. டெபோராவின் மூச்சு கேட்டது. ஓட்டுநர் எதையோ முணுமுணுத்தார். அவள் ஆரம்பிப்பதற்காகக் காத்திருந்தார். கட்டைவிரல் என்றோ நடுவிரல் என்றோ சொல்லிவைக்கலாம், ஐந்தில் ஒன்று சரியாக இருந்தாலும் போதுமே என்று நாக்கு வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. வண்டி ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று கண்ணைத் திறந்தார்.

ஃப்ளோரா அவர் கையை எப்போதோ விட்டுவிட்டிருந்தாள். அவள் மகளின் தலைக்கு மேலே, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கை அவருடைய தொடையிலேயே மல்லாந்து கிடந்தது. ஐந்து விரல்களின் நுனியிலும் அவளுடைய நகம் பதிந்த வளைவுகள் ஆழமாக இருந்தன; நடுவிரலில் தோல் கிழிந்து ஒரு துளி ரத்தம் திரண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துளி உருண்டு, உள்ளங்கையின் ரேகை ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை நோக்கி இறங்கத் தொடங்கியது.