நாலு பேரும் வரலைங்க

கொரோனாவில் பெங்களூரு கால்சென்டர் கம்பெனி பூட்டியதும் சொந்த ஊரான மாரண்டஹள்ளிக்குத் திரும்பிய நாலு பெண்கள், இன்வெர்ட்டர் இருந்ததால் அவர்களில் ஒருத்தியான ஜெனிஷா வூட்டு முன்னறையையே ஆபீஸாக்கிக்கொண்டார்கள். ஒருத்தி குழந்தைக்குப் பால் கொடுக்கப் போனால் இன்னொருத்தி அவளுக்கு வரும் போனையும் எடுப்பாள்.

இன்று வீடியோவில் மேனேஜர் கறாராகச் சொன்னார்: "திங்கட்கிழமை எல்லாரும் பெங்களூரு வரணும். இல்லன்னா வேலை கிடையாது. கொரோனாதான் போயிடுச்சேம்மா!"

ஜெனிஷா வூட்டில் அவள் சம்பளத்தில்தான் சோறு. இருந்தும் சொன்னாள்:

"போயிடுச்சுங்க சார். ஆனா நாங்க வரலைங்க."

"நாங்கன்னா?"

நிர்மலா இடுப்பில் பிள்ளையோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேமராவுக்குள் வந்தாள். பின்னாலேயே மற்ற இருவரும் வந்தார்கள்.

"நாலு பேருங்க சார். வேலையை விட்டு அனுப்பறதுன்னா ஒண்ணாவே அனுப்பிடுங்க," என்றாள் ஜெனிஷா.

"மிரட்டுறீங்களா?"

"சொல்றோங்க."

அவர் பல்லைக் கடித்தார். "மேலே கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க சார்," என்று சொல்லிவிட்டு ஜெனிஷா அடுத்த போனை எடுத்தாள்.