முதுகில் நின்ற எழுத்து

மாமா மறுபடியும் சட்டையை உதறிக்கொண்டு நடுவுலவனுக்கு மாட்டிவிடப் போனார். அவன் சுவருக்கும் சாக்கு அடுக்குக்கும் இடையில் புகுந்து, வெறும் முதுகை யாரும் தொட்டுவிடாதபடி வளைந்து நின்றான்.

"போட்டா அழிஞ்சிடும்."

"என்னடா அழியும்?"

"எழுத்து."

மாமா அம்மாவின் தம்பி, லாரி ஓட்டுகிறவர். பொறுமைக்கும் அவருக்கும் ஆகாது. தைக்க வந்த சாக்குகளை ஓரங்கட்டிவிட்டு முன்னறையில் அம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். கொண்டுபோகிற வண்டி தெருமுனையில் வந்து நின்றுவிட்டது. இவன் இப்படி அரைகுறையாக நிற்கிறான். "இவனுக்கு என்ன கேடு?" என்று அவன் அக்காவை, பெரியவளை, கேட்டார்.

அவளுக்குத் தெரியும். எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

நடுவுலவனுக்குத் தாளில் எழுத்து நிற்காது. புழு மாதிரி நெளியுது என்பான். மண்டையில் களிமண் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தில் திருப்பி அனுப்பினார்கள். சின்னவனை அவ்வளவு நாள்கூட வைத்திருக்கவில்லை, சத்தம் போடுகிறான் என்று கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். அம்மா வீம்புக்காரி. "நான் பெத்ததுக்கு நானே சொல்லிக் குடுத்துக்கிறேன்" என்று இரண்டு பேரையும் வீட்டில் உட்கார வைத்தாள். ஒரு கையில் கோணி ஊசி, வாயில் பாடம். ஒருவனுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது இன்னொருவனைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே, அதற்கு எட்டாவது படித்துக்கொண்டிருந்த பெரியவளையும் நிறுத்தினாள். தெருவே அம்மாவை மெச்சியது. பெரியவளை யாரும் மெச்சவில்லை. பிடித்துக்கொண்டிருப்பது ஒரு வேலையா? அவள் சின்னவனின் மணிக்கட்டைப் பிடித்தபடியே படித்து, வீட்டிலிருந்தே பன்னிரண்டாவதுவரை பரீட்சை எழுதித் தேறினாள்.

முதுகில் விரலால் எழுதினால் நடுவுலவன் பட்டென்று படிப்பான் என்பது அம்மா கண்டுபிடித்தது. எழுத எழுத வீடே அதிரப் படிப்பான். கல் உடைக்கும் மெஷினில் காது மந்தமாகிப்போன அப்பா அவனுக்கு ஸ்பீக்கர் என்று பேர் வைத்தார்.

ஒரு சொல்லை மட்டும் அவன் உரக்கப் படிப்பதில்லை. 'அப்புறம்'. சின்னவனுக்கு அந்தச் சொல் ஆகாது. காதில் விழுந்தால் "எப்போ?" என்று ஆரம்பித்து, கடிகாரத்தில் முள் எங்கே வரும்போது என்று காட்டும்வரை விடமாட்டான். காட்டியபடி நடக்காவிட்டால் சுவரில் மண்டையை மோதுவான். அதனால் அந்த வீட்டில் யாரும் அதை வாயால் சொல்வதில்லை. பெரியவளிடம் சொல்லவேண்டி வந்தால் அம்மா நடுவுலவன் முதுகில் எழுதுவாள். அவன் வந்து அக்காவின் காதில் ஊதிவிட்டுப் போவான். தையல் வகுப்பு, சிநேகிதி கல்யாணம், ஒரு ஜோடி நல்ல செருப்பு, எதைக் கேட்டாலும் அந்த ஒரே சொல்தான் சுடச்சுடக் காதில் வந்து விழும்.

இன்று காலை கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில நர்சு பயிற்சிக்கு என்னை எடுத்துட்டாங்கம்மா. அங்கேயே தங்கணும். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. போகட்டுமா?"

அம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டு நடுவுலவனைக் கூப்பிட்டாள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தான். 'அ' எழுதினாள். 'ப்' எழுதினாள். புள்ளி வைத்த விரல் அப்படியே முதுகோடு சறுக்கி இறங்கியது. அவன் திரும்பாமலே, "அடுத்த எழுத்தும்மா, அடுத்த எழுத்து" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

இதில் பாதியைத்தான் பெரியவள் மாமாவிடம் சொன்னாள். எழுதும்போது உயிர் போனது, எழுத்து முடியவில்லை, அவ்வளவுதான்.

"எதுவரைக்கும் எழுதினா?" என்றார் மாமா.

"அ. ப்," என்றான் நடுவுலவன்.

பக்கத்து வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்பான்னு எழுத வந்திருக்கா. போற நேரத்துல மகராசி புருஷனைத்தான் தேடியிருக்கா."

அது வாய்வாயாக வாசல்வரை போயிற்று, யாரோ அப்பாவின் காதில் உரக்கச் சொன்னார்கள். படியில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகக்கண்ணில் கல்தூசி அப்படியே இருந்தது. ராத்திரியில் இரண்டு தட்டுச் சோறு, ஒரு வார்த்தை இல்லை. அப்படித்தான் இத்தனை வருஷமும் அவர்கள் குடித்தனம். அவர் பெரியவளையே பார்த்தார்.

"நிசமாவாம்மா?"

மாமா அவசரப்பட்டார். "நீயே முடிச்சு வைம்மா. 'பா' போடு, சட்டையை மாட்டட்டும், நேரமாகுது."

பெரியவள் தம்பியை உட்காரவைத்து அவன் பின்னால் உட்கார்ந்தாள். முதுகு குளிர்ந்து கிடந்தது. புள்ளி வைத்த இடம் எது என்று அவன் தோளைக் குலுக்கிக் காட்டினான். விரலை வைத்தாள். 'பு' எழுதினாள். 'ற' எழுதினாள். 'ம்' எழுதி, அழுத்திப் புள்ளி வைத்தாள்.

நடுவுலவன் திரும்பி, அவள் காதோடு வாயை வைத்து, எப்போதும்போல ஊதினான். மாமா கையிலிருந்த சட்டையைத் தானே வாங்கிப் போட்டுக்கொண்டான்.

"என்னடா சொன்னே?" என்று கேட்டார் அப்பா. அவன் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"உங்களைத்தான்ப்பா," என்றாள் பெரியவள்.

அவர் நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு விம்மினார்.

அம்மாவைத் தூக்கினார்கள். அப்பாவும் நடுவுலவனும் கூடவே போனார்கள். மாமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார்.

"திங்கக்கிழமை ஏதோ ஆஸ்பத்திரிக்குப் போறியாமே, உன் தம்பி சொன்னான். இதுகளை யார்கிட்ட விட்டுட்டுப் போவ? இனிமே நீதானே எல்லாம். அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

மூலையில் சணல் பிரித்துக்கொண்டிருந்த சின்னவன் தலையைத் தூக்கினான்.

"எப்போ?"

மாமா தெருவில் இறங்கிப் போய்விட்டார். முனையில் வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

"எப்போக்கா?"

அவள் போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் இன்னொரு கையை நீட்டிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான். முள் எங்கே வரும்போது? பெரியவள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.