மாப்பிள்ளைக்கு மூச்சு பதினெட்டு

ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை. ஆறு மாதப் பயிற்சியை ஆறு வாரமாகச் சுருக்கி, நர்ஸ்களுக்கு உதவியாக நாற்பது பேரை அவசர அவசரமாகத் தயார் செய்தார்கள். அதில் நானும் ஒருத்தி. கணவர் இறந்து ஆறு மாதம். அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணிதான் விண்ணப்பத்தை எழுதி நீட்டினாள்.

"ஆறு வாரம் பல்லைக் கடிச்சுக்கோ. வேலை கெடச்சா உனக்குன்னு ஒரு வீடு பாத்துக்கலாம்."

நல்ல எண்ணம்தான், கூடவே என்னை அனுப்பிவைக்கும் எண்ணமும். கையெழுத்துப் போட்டேன். அப்போதெல்லாம் யார் எதை நீட்டினாலும் போடுவேன்.

வகுப்பில் நோயாளி கிடையாது, ரப்பர் பொம்மைதான். அதற்கு நாங்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. படுத்த இடத்தில் எல்லாப் பணிவிடையும் வாங்கிக்கொண்டு ஒரு நன்றி சொல்ல மாட்டார். ஒரு பம்பை அமுக்கினால் மாப்பிள்ளைக்கு நாடி துடிக்கும். மூச்சு மட்டும் வராது. ஆனால் சார்ட்டில் மூச்சுக்கு ஒரு கட்டம் இருக்கிறதே, அதைக் காலியாக விடக் கூடாது.

"பதினெட்டுன்னு போட்டுடுங்க, அது நார்மல்" என்றார் டீச்சர்.

போட்டோம். ஆறு வாரமும் போட்டோம். கை பழகிவிட்டது.

தேர்வு நிஜமான வார்டில், காலையில். ஆளுக்கு ஐந்து படுக்கை. சார்ட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் ஃபெயில் என்று தேர்வாளர் வாசலிலேயே சொல்லிவிட்டார். ஃபெயில் என்றால் அடுத்த பேட்ச், அதுவரை அண்ணியின் முகம். மற்றவர்களுக்குப் பயம். எனக்கு அதுகூட வரவில்லை. மரத்துப்போன வாயால் சாப்பிடுகிற மாதிரி ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டே போனேன். நாலு படுக்கைக்கும் மூச்சு பதினெட்டு.

ஐந்தாவது படுக்கையில் மெலிந்த ஒருவர், பக்கத்தில் ஸ்டூலில் அவர் மனைவி. காய்ச்சல் பார்த்தேன், நாடி பிடித்தேன், பிரஷர் எடுத்தேன். மூச்சு பதினெட்டு என்று எழுதினேன்.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"எல்லாம் நார்மல்தாங்க."

அந்த அம்மா பெருமூச்சு விட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இதே மாதிரி ஒரு ஸ்டூலில், இதே வார்த்தையைக் கேட்டு, நானும் இப்படித்தான் சாய்ந்தேன். அன்று சாயங்காலம் என் கணவர் போய்விட்டார். சார்ட் எழுதிய பெண்ணின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, ஒரு அடித்தல் இல்லை. அவள் மூச்சை எண்ணிப் பார்த்தாளா என்று இந்தத் தேர்வு நாள்வரை எனக்குக் கேட்கவே தோன்றவில்லை.

மறுபடியும் அந்த நோயாளியின் மணிக்கட்டைப் பிடித்தேன். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் நோயாளிக்கு மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோலப் பாவனை செய்ய வேண்டும். அதை ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். முழு நிமிடம் எண்ணினேன். முப்பத்தாறு. மூச்சுக்கு மூச்சு கழுத்துக்குழி உள்ளே இழுத்தது.

பதினெட்டின் மேல் கோடு கிழித்து, முப்பத்தாறு என்று எழுதி, நர்ஸைக் கூப்பிட்டேன். நர்ஸ் ஓடி வந்தாள், பின்னாலேயே டாக்டர், ஆக்ஸிஜன். தேர்வாளர் சார்ட்டைப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"நல்ல வேளை கண்டுபிடிச்சீங்க. புதுத் தாள் தர்றேன், அடிக்காம எழுதிக் குடுத்துடுங்க. எங்களுக்கு ஆள் வேணும்."

தாளை வாங்கக் கை நீட்டினேன். அந்த அம்மா அதே கையை எட்டிப் பிடித்தாள்.

"இப்பத்தானே நார்மல்னு சொன்னீங்க? அதுக்குள்ள என்ன ஆச்சு?"

திடீர்னு மோசமாயிடுச்சு என்று சொல்லியிருக்கலாம். தேர்வாளரும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

"எண்ணாம சொன்னேங்க."

தேர்வாளர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த அம்மாவின் நகம் என் கையில் பதிந்தது. வலித்தது. எட்டு மாதத்தில் எனக்கு வலித்தது அதுதான் முதல் தடவை.

"கைய விடுங்கம்மா" என்றேன். "இன்னும் நாலு பேருக்கு எண்ணணும்."