மாஜி மந்திரி பஞ்சாயத்துக்கு நின்றது

சின்னப்பிள்ளை அம்மாள் தன் மந்திரி பதவி போன செய்தியைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தார். கறம்பக்குடியில் ஒரு நூலகத்தைத் திறந்துவைத்துவிட்டுக் கட்சிக்காரர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். புதிய அமைச்சர்களின் பெயர்கள் திரையில் ஓடின. அவர் பெயர் இல்லை. பரிமாறியவர்களின் கை நின்றது. அவர் மோர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

ஒன்றியக் கவுன்சிலராகத் தொடங்கி, இரண்டு முறை எம்.எல்.ஏ. ஆகி, அமைச்சரானவர். அடுத்த தேர்தலில் சீட்டும் கிடைக்கவில்லை. அவரிடம் உதவியாளராக இருந்த வசந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் ஜெயித்தும்விட்டான்.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் இருந்த சொந்த ஊருக்குத் திரும்பினார். விடிந்ததும் குளித்து, கஞ்சி போட்ட சேலை கட்டி, கூடத்தில் உட்கார்ந்துவிடுவார். யாரும் வருவதில்லை. போன் வேலை செய்கிறதா என்று பார்க்கத் தானே யாருக்காவது அடிப்பார். கணவர் ஆவுடையப்பன் தன் பெயிண்ட் கடைக்கு வந்து இருக்கச் சொன்னார். போனார். பெயிண்ட் வாங்க வந்தவர்களிடம் அவர்கள் தெரு ரோட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்துவிட்டு மதியமே திரும்பிவிட்டார்.

உள்ளாட்சித் தேர்தல் அறிவித்தார்கள். ஊராட்சித் தலைவர் பதவிக்குக் கட்சிச் சின்னம் இல்லை; யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சின்னப்பிள்ளை மனுத் தாக்கல் செய்தார்.

அன்றே வசந்த் போனில் பேசினான். “அம்மா, மந்திரியா இருந்துட்டு பஞ்சாயத்துக்கு நின்னா தலைமைக்குச் சங்கடம்ங்க. வாரியத் தலைவர் பதவி ஏதாச்சும் நான் பேசி வாங்கித் தாரேன். கொஞ்சம் பொறுங்க.”

“பொறுத்துப் பாத்துட்டேன் வசந்த்,” என்று வைத்துவிட்டார்.

ஊரே சிரிக்கும் என்றார் ஆவுடையப்பன்.

“சிரிக்கட்டும்ங்க. வீட்டுல உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும்.”

கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்தான் ஜெயித்தார். முதல் கிராமசபையில், கிழக்குத் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்று மீனம்மாள் எழுந்தாள். கூலி வேலைக்குப் போகிறவள்.

“மந்திரியா இருந்தப்ப ஒங்க காரை மறிச்சுச் சொன்னோம். பாப்போம்னுட்டு கண்ணாடிய ஏத்திட்டுப் போயிட்டீங்க. இப்ப எங்கிட்டுப் போவீங்க?”

சிலர் சிரித்தார்கள். சின்னப்பிள்ளைக்கு ஆவன செய்யப்படும் என்று வாய் வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் மீனம்மாளோடு போய்ப் பார்த்தார். போர்வெல் மோட்டார் கருகிக் கிடந்தது.

மறுநாள் ஒன்றிய அலுவலகத்தில் அதிகாரியைப் பார்க்க வெளி பெஞ்சில் காத்திருந்தார். உட்கார்ந்தார், எழுந்தார், வாசல் வரை போய்த் திரும்பினார். தெரிந்த சிலர் கும்பிட்டார்கள். சிலர் பார்க்காததுபோல் போனார்கள். உள்ளே போனதும் அதிகாரி பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துகொண்டார். நிதி வரத் தாமதமாகும் என்றார். சின்னப்பிள்ளை எதிர் நாற்காலியில் அமர்ந்தார். அதிகாரி மோட்டாருக்கான உத்தரவில் கையெழுத்துப் போடும்வரை எழுந்திருக்கவில்லை.

புது மோட்டார் வந்தது. தண்ணீர் தெருவில் பாதி வரை ஏறியது. கடைசி வீடுகளுக்கு ஏறவில்லை என்று மீனம்மாள் விடிகாலையிலேயே வந்து சொன்னாள். ஆவுடையப்பன் காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். சின்னப்பிள்ளை அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார். குழாய் எங்கே அடைத்திருக்கும் என்று கேட்டுக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தார்.