முச்சந்தியில் நிற்காத கைதட்டல்

ஆஸ்பத்திரி ஜீப் டிரைவர் செத்துப்போன முச்சந்தியில் அன்றைக்கு எழுந்த கைதட்டல் இன்றுவரை நிற்கவில்லை. தட்டுகிற கை எதுவும் கிடையாது. சத்தம் மட்டும் மரத்துக்குக் கீழே, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறது. மழை நாளில் மந்தமாகும், வெயில் அடித்தால் கணீரென்று இருக்கும், வித்தியாசம் அவ்வளவுதான். பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்தின் பழைய பெயரை மறந்துபோய் "கைதட்டல் எல்லாம் இறங்கு" என்றுதான் கத்துகிறார்கள். ஒருமுறை மேலிடத்து அதிகாரிகள் ஏதோ ஒரு கருவியோடு வந்து, மரத்தைச் சுற்றிச் சுற்றி அளந்து, வௌவால் என்று எழுதிவிட்டுப் போனார்கள். பட்டப்பகலில் எந்த வௌவால் ஐயா கைதட்டும்? படித்தவர்கள் சொன்னால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஊரும் விட்டுவிட்டது. இன்னொன்றும் உண்டு. அந்த ஊர்க்காரர்கள் கையைத் தட்டினால் அன்றிலிருந்து சத்தம் வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளை பரிசு வாங்கினால் பெற்றவர்கள் கையைத் தூக்கி ஆட்டுவதோடு சரி.

நடந்ததைச் சொல்வதென்றால் ஆஸ்பத்திரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றும் இல்லை. ஒரு டாக்டர், சில நர்சுகள், ஒரு கம்பவுண்டர், ஒரு ஜீப், அதற்கு ஒரு டிரைவர். சுற்றுவட்டாரத்தில் எல்லா ஊருக்கும் அது ஒன்றுதான் கதி. ஆனால் ஜனங்கள் நோய் முற்றி, பேச்சு மூச்சு இல்லாமல் போன பிறகுதான் அங்கே வருவார்கள். சீக்கிரம் வாருங்கள் என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள், அது கடலை மடிக்கப் போனது. ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டிப் பார்த்தார்கள், நாய்கள்தான் பின்னாலேயே ஓடி வந்தன. கடைசியில் டாக்டர் நாடகம் போடலாம் என்றார். மூத்த நர்ஸைத்தான் எல்லாரும் சிஸ்டர் என்பார்கள். கதையும் வசனமும் அவர் பொறுப்பு. நோயாளியாக நடிக்க ஆள் கிடைக்கவில்லை. சாகிற வேஷம் என்றதும் ஆளாளுக்கு ஒரு வேலை வந்துவிட்டது. "நான் சாகறேன், எனக்கென்ன?" என்று முன்னால் வந்தவர் டிரைவர். அவர் சிஸ்டரின் புருஷன்.

அந்த மனுஷனுக்குள் அப்படி ஒரு நடிகன் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது. ஊர் ஊராகப் போய் மாதத்துக்கு ஒரு நோயில் செத்தார். நாய்க்கடியில் செத்தார், பாம்புக்கடியில் செத்தார், வாந்திபேதியில் அவர் செத்ததைப் பார்த்துக் கிணற்றடியில் பெண்கள் ஒரு வாரம் பேசிக்கொண்டார்கள். சிஸ்டர் அவருக்குப் பெண்டாட்டியாகவே நடித்தார். கம்பவுண்டருக்குத் தப்பான யோசனை சொல்லிக் கெடுக்கிற பக்கத்து வீட்டுக்காரர் வேஷம். பாவம், நாடகம் முடிந்த பிறகும் ஜனங்கள் அவரை நம்பவில்லை, அவர் கொடுக்கிற மாத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். டிரைவர் செத்ததும் சிஸ்டர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, இந்த மனுஷன் ஏன் செத்தார், என்ன செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று பேசுவார். பேச்சு முடிந்து ஜனங்கள் கைதட்டினால்தான் பிணம் எழுந்திருக்கும். அது டிரைவர் வைத்த சட்டம். கைதட்டல் குறைவாக இருந்தால் ஒற்றைக் கண்ணைத் திறந்து, "இவ்வளவுதானா? இதுக்கு நான் செத்தே கெடக்கலாம்" என்பார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும், இன்னும் பலமாகத் தட்டும். டிரைவரைச் சீக்கிரம் எழுப்பியது யார் என்று ஊர்களுக்குள் போட்டியே வந்துவிட்டது.

வீட்டில் சிஸ்டரை அவர் "ஏம்மா" என்பார். நாடகத்தில் "அடியே". டூட்டியில் மட்டும் மற்றவர்களைப் போலவே "சிஸ்டர்". கட்டின பெண்டாட்டியை சிஸ்டர் என்று கூப்பிடுகிற ஒரே ஆம்பளை நான்தான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "இவ்ளோ நல்லா சாகறீங்களே, வீட்டுல ஒரு வேலையாவது இப்படிச் செய்றீங்களா?" என்று சிஸ்டர் கேட்டால், "எல்லாம் பழக்கம்தாம்மா. நெஜமா வரும்போது கஷ்டமா இருக்காது பாரு" என்பார். வாயைக் கழுவுங்க என்று சிஸ்டர் அவர் முதுகில் ஒன்று வைப்பார். இருவருக்கும் பிள்ளை இல்லை. இந்த நாடகம் வந்த பிறகு சாயங்காலங்களில் பேச நிறைய இருந்தது.

அந்த மாதம் நெஞ்சுவலி. காலையில் கிளம்பும்போதே டிரைவர் தோள் இறுக்கமாக இருக்கிறது என்றார். ஸ்டியரிங் அப்படி, ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள் என்றார் சிஸ்டர். பதினைந்து வருஷ சர்வீஸ் உள்ள நர்ஸ் சொன்ன பதில் அதுதான். முச்சந்தியில் நல்ல கூட்டம். கதைப்படி டிரைவர் நெஞ்சைப் பிடிப்பார், கம்பவுண்டர் "வாயுதான்யா, ஒரு சோடா குடி, எல்லாம் சரியாயிடும்" என்று குழப்புவார். மூலையில் இருந்த சோடாக் கடைக்காரர் நாடகம் தத்ரூபமாக இருக்கட்டும் என்று நிஜ சோடாவையே உடைத்து நீட்டினார். டிரைவர் குடித்தார். முகம் வேர்த்தது. அட, வேர்வைகூட வரவழைக்கிறாரே என்று முன்வரிசையில் ஆச்சரியப்பட்டார்கள். அடுத்து அவர் "அடியே, தண்ணி குடு" என்று சொல்லிச் சாய வேண்டும். சொல்லவில்லை. பெண்டாட்டியை நேராகப் பார்த்து, சின்னக் குரலில், "சிஸ்டர்" என்றார். பிறகு இன்னொரு தடவை, "சிஸ்டர்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. வசனத்தைக் கோட்டை விட்டுவிட்டாரே என்று சிஸ்டருக்கு எரிச்சல். சமாளிக்க வேண்டுமே! "என்னங்க, கட்டின பொண்டாட்டியக்கூடவா அடையாளம் தெரியல?" என்று எடுத்துவிட்டார். சிரிப்பு இன்னும் பலமானது. டிரைவர் சாய்ந்தார். சிஸ்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "நெஞ்சு வலிச்சா வாயுன்னு நெனைக்காதீங்க, சோடா குடிச்சு நேரத்தை வீணாக்காதீங்க, ஒவ்வொரு நிமிஷமும் உசுரு" என்று பேசினார். அன்றைக்கு வார்த்தை தானாக வந்தது. ஜனங்கள் அசையாமல் கேட்டார்கள், அதனால் வழக்கத்தைவிட நீட்டியே பேசினார். முடித்ததும் கைதட்டல் கிளம்பியது. டிரைவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார்கள். "டிரைவரே, போதாதா?" என்று யாரோ கத்தினார்கள். உள்ளங்கை சிவக்கத் தட்டினார்கள். சிஸ்டர் சிரித்த முகத்தோடு திரும்பினார்.

அதற்குப் பிறகு அவர் முட்டி போட்டு நெஞ்சை அமுக்கியதைப் பின்வரிசைக்காரர்கள் புதுக் காட்சி என்று நினைத்தார்கள். இதுவரை பார்த்ததிலேயே இதுதான் உருக்கமாக இருக்கிறது என்று அதற்கும் தட்டினார்கள். கம்பவுண்டர் சோடா பாட்டிலைப் பிடித்தபடி ஓவென்று அழுதபோதுதான் சத்தம் குறைந்தது. ஜீப் பக்கத்திலேயே நின்றது. அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தரையில் கிடந்தார். அடுத்த பஸ் வரும்வரை சிஸ்டர் தனியாகவே அமுக்கினார். கை துவண்டு விழுந்தது, மறுபடி எடுத்து வைத்து அமுக்கினார். ஊரே சுற்றி நின்றது, கை மாற்றிவிட ஒரு ஆள் இல்லை. நெஞ்சை எப்படி அமுக்குவது என்று எந்த நாடகத்திலும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததில்லை. அதெல்லாம் ஆஸ்பத்திரி வேலை, ஜனங்களுக்கு எதற்கு என்று விட்டிருந்தார்கள். பஸ்ஸில் டிரைவரை ஏற்றி, ஊரும் பின்னாலேயே ஓடி, முச்சந்தி காலியான பிறகுதான் ஒரு கிழவர் கவனித்தார், கைதட்டல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்த வலி எங்க வச்சு வந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதும்மா" என்றார் டாக்டர். நல்ல மனுஷர். ஆனால் அந்த வாக்கியத்தை அவர் எல்லாருக்கும் சொல்வார் என்று சிஸ்டருக்குத் தெரியும். சொல்வதற்கு முன்னால் உறவுக்காரர்களை உட்கார வைக்க நாற்காலி எடுத்துப் போடுவது இத்தனை வருஷமும் சிஸ்டரின் வேலைதான். அன்றைக்கு அதே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். அதனால் அந்த வார்த்தை உள்ளே இறங்கவே இல்லை. காலம் முழுக்க டிரைவர் வீட்டு மனுஷனாகக் கூப்பிட்டிருக்கிறார், வேஷக்காரராகக் கூப்பிட்டிருக்கிறார். கடைசியில் ஒரு நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் இதை யாரிடமும் சொல்லி அழவில்லை. மூன்றாம் வாரம் டூட்டிக்கு வந்தார், ஊசி போட்டார், கட்டு மாற்றினார். முச்சந்திப் பக்கம் தடுப்பூசி முறை வந்தால் மட்டும் வேறொரு நர்ஸை அனுப்பினார். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் ஜன்னலைச் சாத்தினார். நாடகம் நின்றுபோனது.

அந்த ஊர்க்காரர்களும் ஆஸ்பத்திரிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். கோபம் எதுவும் இல்லை, வெட்கம். வயிற்று வலியோ காய்ச்சலோ, கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள், இல்லையென்றால் தாங்கிக்கொண்டார்கள். பிரசவ வலியோடு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி அடுத்த ஊர்வரை போனவர்களும் உண்டு. இப்படியே வருஷங்கள் ஓடின. சீக்கிரம் வாருங்கள் என்று எந்த ஊரில் ஒரு மனுஷன் செத்துக் காட்டினாரோ அந்த ஊர்தான் மற்ற எல்லா ஊரையும்விடத் தாமதமாக வந்தது. ஆஸ்பத்திரியில் இதைக் கவனிக்காதவர்கள் இல்லை, சிஸ்டரிடம் சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை.

ஒரு நாள் மத்தியானம் சோடாக் கடைக்காரரை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். காலையிலிருந்து நெஞ்சுவலி. உடம்பு சில்லிட்டிருந்தது. டாக்டர் பார்த்தார், சிஸ்டர் நாற்காலி எடுத்துப் போட்டார், டாக்டர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். டாக்டர் போன பிறகு கடைக்காரரின் பெண்டாட்டி சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாயு இல்லன்னு அவருக்கே தெரியும் சிஸ்டர். நீங்க சொன்னீங்களே, அன்னிக்கு முன்னாடி நின்னு கேட்டவருதானே! வாங்க போலாம்னு கால்ல விழாத கொறையா கெஞ்சினேன். 'சோடா குடுத்தது என் கை, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சிஸ்டர் முன்னாடி போய் நிப்பேன்'னு சொல்லிட்டாரு. நினைவு தப்பின பிறகுதான் தூக்கிட்டு வர முடிஞ்சுது." சிஸ்டர் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். டிரைவர் போனதற்கு அழாத அழுகை எல்லாம் அந்த சோடாக்காரருக்காக வந்தது. வார்டில் எல்லாரும் கேட்க, வாய்விட்டு அழுதார்.

அந்த வாரமே சிஸ்டர் பஸ் ஏறி முச்சந்தியில் போய் இறங்கினார். கைதட்டல் நேருக்கு நேராக முகத்தில் வந்து அடித்தது. அவரைப் பார்த்ததும் ஊர் கதவைச் சாத்திக்கொண்டது. சாத்தின கதவுகளைப் பார்த்தே பேசினார், கைதட்டலுக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்திப் பேசினார். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. எந்திரிக்கட்டும்னுதானே தட்டினீங்க! அவரு என்னைத்தான் கூப்பிட்டாரு, நான்தான் அத வச்சு உங்களைச் சிரிக்க வச்சேன். என் மேல இருக்கறத நான் தூக்கிக்கறேன். நீங்க எதுக்கு சாகறீங்க? வெளிய வாங்க." ஒருவரும் வரவில்லை. சிஸ்டர் மரத்தடியில், டிரைவர் கிடந்த இடத்தில் முட்டி போட்டு, ஒரு கையின் மேல் இன்னொரு கையைக் கோர்த்து, மண்ணை அமுக்க ஆரம்பித்தார். எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே அமுக்கினார். வேகத்துக்கு அவர் எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. கைதட்டல் அதே வேகத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் அவர் கை துவண்டது. அப்போது பக்கத்தில் ஒருத்தி வந்து முட்டி போட்டாள். சோடாக்காரரின் பெண்டாட்டி. தாலி அறுத்த துக்கம் முகத்தில் அப்படியே இருந்தது. "நகருங்க சிஸ்டர், நான் பாக்கறேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்தது, பிறகு இன்னொன்று. ஆட்கள் வரிசை கட்டி நின்றார்கள். அவள்தான் அமுக்கியபடியே கேட்டாள், "எப்ப நிறுத்தணும் சிஸ்டர்?"

"நாடி வர்ற வரைக்கும்" என்று சிஸ்டர் பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார்.

ஊர் அதை அப்படியே பிடித்துக்கொண்டது. இப்போது அங்கே பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சும்மா நிற்பதில்லை. பையை இறக்கி வைத்து, முட்டி போட்டு, கை சளைக்கும்வரை அமுக்கிவிட்டு அடுத்தவருக்கு இடம் விடுகிறார்கள். பஸ் வந்துவிட்டால் ஆள் மாறும்வரை பஸ் டிரைவர் காத்திருப்பார், ஹாரன் அடிக்க மாட்டார். அந்த இடத்து மண் எந்த மழையிலும் சில்லிடுவதில்லை, உள்ளங்கைச் சூட்டிலேயே இருக்கிறது. புது நர்சுகளைப் பயிற்சிக்கு அங்கேதான் அனுப்புகிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் இப்போது ஏப்பம் வந்தால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்து கம்பவுண்டரின் உயிரை வாங்குகிறார்கள். வியாழக்கிழமைதோறும் சிஸ்டர் டூட்டி முடிந்து முதல் பஸ்ஸில் வருவார். ஒரு நிமிஷம் எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு, டிரைவரின் கழுத்து இருந்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரலை மண்ணில் வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்ப்பார்கள்.

"இன்னும் வரல" என்பார் சிஸ்டர், சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தபடி. "அடுத்த ஆள் வாங்க."