கடைசி வரியில் சிவகுமார்

“என் பேரை மட்டும் எதுக்கும்மா கீழ தனியாத் தள்ளி வெச்சிக்கீற? கல்யாணத்துக்கு வராதன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடு!” என்று கூடத்தில் நின்று சிவகுமார் சித்தப்பா போனை ஆட்ட, “நான் தள்ளல சித்தப்பா, போன்தான் வரியை மடக்குது!” என்று ஓவியாவும் கத்த, செம்பாக்கம் ஏரி வரைக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும்... ஊருக்கெல்லாம் வலைப்பக்கம் செய்து கொடுப்பவள் தன் கல்யாண அழைப்பிதழுக்கு ஒரு பக்கம் செய்தால் இத்தனை பேஜாரா? ‘தங்கள் நல்வரவை விரும்பும்’, அதற்குக் கீழே அப்பாவும் அவருடைய தம்பிகள் இருவரும், அரிகிருஷ்ணன் தயாளன் சிவகுமார், மூன்றே பெயர், அவளுடைய லேப்டாப்பில் சமர்த்தாக ஒரே வரியில் நிற்கிறார்கள், இவரோ தன் போனில் எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறார், கண்ணாடி போட்டால் வயது தெரிந்துவிடுமாம், தலைக்கு மை பூசுவது மட்டும் தெருவுக்குத் தெரியாதாக்கும்... இரண்டு பெயரிலேயே வரி நிரம்பிவிட, மூன்றாமவர் கீழே இறங்கி ஒண்டியாக நிற்கிறார்.

“அண்ணனுங்க ரெண்டு பேரும் மேல, நான் மட்டும் கீழ. புரியுது.” இன்னா புரிந்ததோ. ஏரியோர மனையை விற்றதிலிருந்து தயாளன் சித்தப்பாவோடு இவருக்குப் பேச்சு கிடையாது, மேடையில் மூன்று பேரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்பது ஒன்றுதான் இந்தக் கல்யாணத்தில் அப்பா வாய்விட்டுக் கேட்டது, அது ஒரு வரி மடிப்பில் போய்விடுமா? ஒருவர் கீழ் ஒருவராகப் போடலாமென்றால், “கடைசிப் படிக்கட்டுல குந்த வைக்கிறியா?” வரிகளைச் சமமாகப் பிரிக்க ஒரு கட்டளை உண்டு, அதைப் போட்டாள், அவருடைய பழைய போன் அதைச் சட்டையே செய்யவில்லை... சனியன். கடைசியில், கடைசி இரண்டு பெயருக்கு நடுவிலிருக்கும் இடைவெளியை உடையாத இடைவெளியாக மாற்றினாள், இனி ஒருவர் இறங்கினால் மற்றவரும் கூடவே இறங்கியாக வேண்டும், எந்தப் போனாக இருந்தாலும் சரி. ஐயோ, தயாளனோடு அல்லவா கட்டிவிட்டோம் என்று உறைத்தது, அதற்குள் சிவகுமார் சித்தப்பா பார்த்துவிட்டார்.

“இவனோடயா?” வெகுநேரம் பார்த்தார். “சரி, ஒண்டியா நிக்கறதுக்கு இது மேல். வரேன்.” அப்பா அந்தப் போனை வாங்கி அதைவிட வெகுநேரம் பார்த்துவிட்டு, “நல்லா கீதும்மா” என்றார். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு, வேறென்ன தோன்றும்?

கல்யாணம் நடந்தது, மூவரும் மேடையேறினார்கள், தம்பிகள் இருவரும் பேசிக்கொள்ளாமலே பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டார்கள். தயாளன் கோவளத்துப் பக்கம் குடிபோனார். ஓவியா புருஷனோடு புனேவுக்குப் போனாள், அங்கே ஒரு மத்தியானம் புருஷனின் சின்னப் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தவள், கீழ் வரியில் சித்தப்பாக்கள் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு மேல் வரியைப் பார்த்தாள், அரிகிருஷ்ணன், பக்கத்தில் யாருமில்லை... அன்றைக்கு அப்பா அவ்வளவு நேரம் பார்த்தது எதை?